சிஎஸ்வி ரிப்போர்ட்டை எக்செலில் திறந்தால் திகதி புரளுது: டிசம்பர் மழை ஏப்ரலில் விழுது

#1 படுவான்கரை

மழைமானி, குள மட்டம் ரெண்டையும் பதியிற வெப் சிஸ்டம் ஒண்டில இருந்து மாத ரிப்போர்ட் எடுக்கிறம். எக்ஸ்போர்ட் பட்டனை அமத்தினா சிஎஸ்வி கோப்பு இறங்குது. நாலு கொலம்: நிலையம், திகதி-நேரம், மழை மி.மீ, குள மட்டம். கோப்புக்குள்ள திகதி 04/12/2024 08:30 எண்ட மாதிரி, நாள் முன்னுக்கு, மாதம் நடுவுல.

டபுள் கிளிக் பண்ணித் திறந்தா சில திகதி செல்லுட இடப்பக்கம் ஒட்டி நிக்குது, சிலது வலப்பக்கம். பிவட் டேபிளில மாதமாக் குரூப் பண்ண விடுதில்ல. வலப்பக்கம் நிக்கிறதை மட்டும் வச்சுப் பிவட் போட்டா, டிசம்பர் மழை ஆண்டு முழுக்கத் தெளிச்சுக் கிடக்கு. ஒவ்வொரு மாதமும் 12ஆம் திகதி மட்டும் மழை. ஏப்ரல் 12இல குளம் நிறையிற மழை எண்டு ரிப்போர்ட் போனா உன்னிச்சைக் கமக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஃபோர்மட் செல்ஸுக்குள்ள போய்த் திகதி வடிவத்தை மாத்தியும் பாத்தாச்சு. இடப்பக்கம் நிக்கிறது அசையுதே இல்ல. விண்டோஸ் 10, எக்செல் 2019, ரீஜன் செட்டிங் அமெரிக்க ஆங்கிலம்.

#2 பாடுமீன்

முதல் வேலை: அந்தக் கோப்பை எக்செலில் சேவ் பண்ணாமல் மூடுங்கள். சேவ் பண்ணினால் மூலமே கெட்டுவிடும்.

நடந்தது இதுதான். சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து. ‘இது திகதி’ என்று அதற்குள் எங்கேயும் எழுதியிருக்காது. திறக்கும்போது எக்செல் உங்கள் விண்டோஸ் ரீஜனைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறது. அமெரிக்க ரீஜனில் முதல் இலக்கம் மாதம். ஆகவே 04/12/2024 ஏப்ரல் 12 ஆகிவிட்டது. 13/12/2024 வந்ததும் 13ஆம் மாதம் இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிட்டது. வலப்பக்கம் நிற்பது எண்ணாக மாறிய திகதி, இடப்பக்கம் நிற்பது மாறாத எழுத்து. ஃபோர்மட் செல்ஸ் எண்ணுக்குத்தான் உடுப்பு மாற்றும், எழுத்தை அது தொடாது.

டிசம்பர் 1 முதல் 12 வரை உள்ள நாட்கள் புரண்டால் ஜனவரி 12, பெப்ரவரி 12 என்று மாதத்துக்கு ஒன்றாய் விழும். நீங்கள் கண்ட கோலம் அதுதான். முழு ஆண்டுத் தரவு என்றால் கணக்கு இப்படி வரும்: 12ஆம் திகதிக்கு உட்பட்ட நாட்கள் 144. அதில் 1/1, 2/2 போன்ற 12 நாட்கள் புரண்டாலும் அதே நாள். மிச்சம் 132 நாள் சத்தமில்லாமல் பிழையாகிறது. மற்ற 221 நாள், லீப் ஆண்டென்றால் 222, எழுத்தாக நிற்கிறது. எழுத்தாக நிற்பதால்தான் குரூப் பண்ண விடவில்லை. உண்மையில் அது உங்களுக்கு உதவி. ஆபத்து அந்த 132இல், ஏனென்றால் அது சரியானது மாதிரியே வலப்பக்கம் நிற்கும்.

பரிசோதிக்க =ஐஎஸ்நம்பர்(ஏ2). (சூத்திரப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், ஷீட்டில் ஆங்கிலத்தில் அடியுங்கள். ஏ2 என்று வரும் இடத்தில் உங்கள் திகதி செல்லைப் போடுங்கள்.) ட்ரூ என்றால் எண், ஃபோல்ஸ் என்றால் எழுத்து. கண்ணால் இடம் வலம் பார்ப்பதை மட்டும் நம்பவேண்டாம், யாராவது கொலம் முழுவதையும் நடுவுக்கு எடுத்திருந்தால் தெரியாது.

எக்செலுக்குத் திகதி என்பது 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிய நாட்கணக்கு. நேரம் அதன் தசமப் பகுதி. 2024 டிசம்பர் 4 காலை 8.30 என்றால் 45630.354. புரண்ட செல்லை ஜெனரல் ஃபோர்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள், 45394.354 என்று காட்டும். அது ஏப்ரல் 12.

#3 அக்கரைப்பற்று_காக்கா

பாடுமீன் சொன்னது சரி. ஒரு சேர்க்கை: செட்டிங் சரியா எண்டு பாக்க ஆக்கள் வழக்கமா மனதில நிக்கிற ஒரு திகதியை அடிச்சுப் பாப்பாங்க. நம்மட பக்கம் சுனாமி நாள் 26/12/2004 எண்டுதான் கை போகும். அது சோதனைக்கு உதவாது, 26ஆம் மாதம் இல்லாததால அது புரளவே புரளாது. 03/04/2024 அடிங்க, பிறகு ஃபோர்மட்டில மாதத்தை எழுத்தாக் காட்டச் சொல்லுங்க. ஏப்ரல் எண்டு வந்தா நாள் முன்னுக்கு, மார்ச் எண்டு வந்தா மாதம் முன்னுக்கு.

26-12-2004 வேற ஒண்டுக்கு உதவும். ஜெனரலில அது 38347 எண்டு வரணும். 36885 வந்தா அந்தக் கோப்பு 1904 திகதி முறையில இருக்கு, பழைய மெக் கொம்பியூட்டரில பிறந்த கோப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் 1462 நாள், அதாவது 4 வருசமும் 1 நாளும். ஒரு கோப்பில இருந்து மற்றதுக்கு கொப்பி பண்ணினா எல்லாத் திகதியும் 4 வருசம் 1 நாள் தள்ளி நிண்டா வேற எங்கயும் தேட வேணாம்.

#4 ஒலுவில்_கரை

திறக்கிற முறை. டபுள் கிளிக்கை மறந்திடுங்க.

வெற்று வேர்க்புக் ஒண்டைத் திறங்க. டேட்டா டேப் → ஃப்ரொம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி → கோப்பைத் தெரிவு செய்யுங்க. முன்னோட்ட ஜன்னலில லோட் அமத்தாம ட்ரான்ஸ்போர்ம் டேட்டா அமத்துங்க. பவர் குவெரி (எக்செலுக்குள்ள தரவை இறக்கித் திருத்துற பகுதி) திறக்கும். வலப்பக்கப் பட்டியலில ‘சேஞ்ட் டைப்’ எண்டு ஒரு படி தானாவே சேர்ந்திருக்கும். அதை எக்ஸ் குறியால அழிச்சிடுங்க. இதை விட்டுட்டுத்தான் அரைவாசிப் பேர் மாட்டுறது. அந்தப் படி ஏற்கனவே அமெரிக்க முறையில மாத்தி, 12க்கு மேல உள்ளதையெல்லாம் எரர் ஆக்கியிருக்கும். அதுக்கு மேல நீங்க எதைப் போட்டாலும் புரண்டதுக்கு மேலதான் வேலை நடக்கும்.

அழிச்ச பிறகு திகதிக் கொலத்துட தலைப்பில ரைட் கிளிக் → சேஞ்ச் டைப் → ஆகக் கீழ ‘யூஸிங் லொக்கேல்’. டைப்: டேட்/டைம். லொக்கேல்: இங்கிலிஷ் (யுனைடெட் கிங்டம்). ஓகே. மறுகா குளோஸ் அண்ட் லோட். அடுத்த மாதம் அதே பெயரில புதுக் கோப்பை அதே இடத்தில வச்சு ரிஃப்ரெஷ் அடிச்சாப் போதும், படிகள் எல்லாம் தானா ஓடும்.

பவர் குவெரி இல்லாத பழைய எக்செல் எண்டா டெக்ஸ்ட் டு கொலம்ஸ். ஆனா கோப்பை டபுள் கிளிக் பண்ணித் திறந்த பிறகு செய்யிறதில பிரயோசனமில்ல. சிஎஸ்வியை நோட்பேடில திறந்து, எல்லாத்தையும் கொப்பி பண்ணி, முன்கூட்டியே டெக்ஸ்ட் ஃபோர்மட் குடுத்த ஏ கொலத்தில ஒட்டுங்க. பிறகு டெக்ஸ்ட் டு கொலம்ஸ் → டிலிமிட்டட் → கொமாவையும் ஸ்பேஸையும் டிக் பண்ணுங்க. மூண்டாவது படியில திகதிக் கொலத்தைத் தொட்டு, ‘டேட்’ எண்டதைத் தெரிஞ்சு பக்கத்தில டிஎம்வை (நாள்-மாதம்-ஆண்டு) எண்டு வைங்க. நேரம் தனிக் கொலமா வரும், ரெண்டையும் பிறகு கூட்டினா சரி: =பி2+சி2. ஸ்பேஸால பிரிக்கிறதால நிலையப் பெயரில ஸ்பேஸ் இருந்தா கொலம் நகரும், கவனம். ‘மட்டக்களப்பு நகர்’ ரெண்டு கொலமாப் போயிடும்.

#5 எழுவான்கரை

இவ்வளவு சுத்து எதுக்கு? கொன்ட்ரோல் பேனல் → ரீஜன் → ஃபோர்மட்டில இங்கிலிஷ் (யுனைடெட் கிங்டம்) போட்டு, எக்செலை மூடித் திறந்தா டபுள் கிளிக்கே சரியா வேலை செய்யும். ஒரு நிமிச வேலை.

#6 பாடுமீன்

> ஒரு நிமிச வேலை

உங்கள் கொம்பியூட்டரில் சரி. அதே சிஎஸ்வி அம்பாறைக்கு மெயிலில் போய் அமெரிக்க ரீஜன் உள்ள லெப்டொப்பில் திறக்கும்போது மறுபடி புரளும். உங்களிடம் டிசம்பர், அவர்களிடம் ஏப்ரல், இரண்டு பேரும் தாங்கள் பார்ப்பதே சரி என்று சாதிப்பீர்கள். மற்றது, ரீஜனை நம்பி ஓடும் வேறு மென்பொருள் அதே மெஷினில் இருந்தால் அதன் தசமப் புள்ளி, திகதி எல்லாம் சேர்ந்து மாறலாம்.

ரீஜனை மாற்றுவது நல்லதுதான், கையால் அடிக்கும் திகதிகளுக்கு அது வேண்டும். ஆனால் பரிமாற்றக் கோப்பு அதை நம்பி இருக்கக்கூடாது. கோப்பில் 2024-12-04 08:30:00 என்று ஆண்டு முன்னுக்கு வந்தால் எந்த ரீஜனிலும் எக்செல் சரியாக வாசிக்கும். சிஸ்டம் செய்தவர்களிடம் கேட்க வேண்டியது அந்த ஒன்றுதான்.

#7 படுவான்கரை

பவர் குவெரி முறை வேலை செய்யுது, சேஞ்ட் டைப் படியை அழிச்ச பிறகுதான் சரி வந்தது. நன்றி.

ஆனா பழைய மூண்டு மாதக் கோப்பு ஏற்கனவே எக்செலில சேவ் பண்ணியாச்சு. சிஸ்டத்தில பழைய தரவை மீள எடுக்கேலாது. புரண்டதும் எழுத்தும் கலந்து கிடக்கிற இந்தக் கொலத்தைத் திருத்த வழி இருக்கா?

#8 அக்கரைப்பற்று_காக்கா

இருக்கு. ஆனா வரிசையைச் சோர்ட் பண்ணியிருக்கப்படாது. பண்ணல்லயே?

பக்கத்தில வெற்றுக் கொலம் ஒண்டில:

=இஃப்(ஐஎஸ்நம்பர்(ஏ2), டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மந்த்(ஏ2))+மொட்(ஏ2,1), டேட்(மிட்(ஏ2,7,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2))+டைம்வேல்யூ(மிட்(ஏ2,12,5)))

முதல் பாதி புரண்ட செல்லுக்கு. டேட்டுக்குள்ள வழக்கமா ஆண்டு, மாதம், நாள் எண்டு வரும். இங்க நாளையும் மாதத்தையும் வேணுமெண்டே இடம் மாத்தியிருக்கு. மொட்(ஏ2,1) நேரத்தைக் காப்பாத்துது, அதை விட்டா எல்லாம் நள்ளிரவு ஆயிடும். ரெண்டாம் பாதி எழுத்தா நிக்கிறதுக்கு: 7ஆம் எழுத்தில இருந்து 4 எழுத்து ஆண்டு, 4இல இருந்து 2 மாதம், முதல் 2 நாள், 12இல இருந்து 5 நேரம். பூச்சியம் போடாம 13/5/2024 எண்டு வந்திருந்தா இந்த இலக்கங்கள் பிசகும், அப்ப டெக்ஸ்ட் டு கொலம்ஸுதான்.

கீழ் வரைக்கும் இழுத்து, கொப்பி பண்ணி, பேஸ்ட் வேல்யூஸாப் போடுங்க. ஒரு தரம் மட்டும். திருத்தின கொலத்துக்கு மேல திரும்ப ஓட்டினா திருந்தினது திரும்பப் புரளும்.

இப்ப சரிபார்ப்பு. மூலக் கோப்பு நேர வரிசையிலதான் வந்திருக்கும். திருத்தின கொலம் சி எண்டா, டியில =சி3-சி2 போடுங்க. மணித்தியாலத்துக்கு ஒரு பதிவு எண்டா எல்லா இடத்திலயும் 0.0416667 வரணும். எங்கயாவது மைனஸ் வந்தாலோ முப்பது நாப்பது எண்டு பாய்ஞ்சாலோ அந்த வரியில பிழை. நிலையம் மாறுற இடத்தில மட்டும் பாய்ச்சல் வரலாம். சோர்ட் பண்ணப்படாது எண்டு சொன்னது இதுக்குத்தான், வரிசைதான் உங்கட ஒரே சாட்சி.

நடுவுல ஆராவது கையால சரியான திகதியை அடிச்சிருந்தா அதுவும் எண்தான், அதையும் சூத்திரம் புரட்டிப்போடும். டி கொலம் அதையும் பிடிச்சுத் தரும்.

#9 சிறுபோகம்

மழைத் தரவு எண்டதால ஒரு விசயம். வளிமண்டலவியல் கணக்கில மழை நாள் நள்ளிரவில மாறுறதில்ல, காலை 8.30க்கு மாறுது. தானியங்கி மானியில மணித்தியாலப் பதிவை இன்ட்(ஏ2) வச்சு நாளாக் கூட்டினா நள்ளிரவுக் கணக்கு வரும். கையால அளந்த மானியோட ஒத்துவராது. பிறகு மானி பிழை எண்டு சண்டை.

சும்மா =இன்ட்(ஏ2-8.5/24) எண்டு போட்டாலும் வில்லங்கம். 8.5/24 முடிவில்லாத தசமம், ஆகவே சரியா 8.30 பதிவு சில நாள் இந்தப் பக்கமும் சில நாள் அந்தப் பக்கமும் விழும். நிமிசமா மாத்தி முழு எண்ணாக்குங்க:

=இன்ட்((ரவுண்ட்(ஏ2*1440,0)-511)/1440)

8.30 எண்டா 510 நிமிசம். 511 போட்டது ஏனெண்டா, 8.30 எண்டு குறிச்ச பதிவில இருக்கிறது 8.30க்கு முதல் விழுந்த மழை, அது முடிஞ்ச நாளுக்குப் போகணும். உங்கட மானி தொடக்க நேரத்தைப் பதியிற வகை எண்டா 510 போடுங்க. எது எண்டு மானியோட வந்த கையேட்டில இருக்கும். இந்தச் சூத்திரம் நாள் தொடங்கின திகதியைத் தரும். உங்கட அலுவலகம் வாசிச்ச திகதியிலதான் எழுதுற வழக்கம் எண்டா கடைசியில +1.

போகமாக் கூட்டுறதெண்டா பிவட்டில ஆண்டால குரூப் பண்ணாதீங்க, பெரும்போகம் ரெண்டு ஆண்டில வெட்டுப்படும். ஒக்டோபரில தொடங்குற நீர் ஆண்டுக்கு =இயர்(ஈடேட்(ஏ2,3)). 2024 ஒக்டோபரும் 2025 பெப்ரவரியும் ரெண்டுமே 2025 எண்டு வரும்.

#10 வாவிக்கரை

எங்களுக்கு வருவது வேறு மாதிரி: 2024-12-04T03:00:00Z. நடுவில் ஒரு டி, கடைசியில் ஒரு இசெட். எக்செல் இதைத் திகதியாகவே எடுக்குதில்லை. யூகே லொக்கேல் குடுத்தும் நேரம் அஞ்சரை மணி பிந்தி நிற்குது.

#11 ஒலுவில்_கரை

அந்த இசெட்டுக்குப் பொருள் யூடிசி, உலகப் பொது நேரம். அதிகாலை 03:00 யூடிசி எண்டா நம்ம காலை 8.30. எழுத்தா நிக்கிற செல்லுக்கு:

=டேட்வேல்யூ(லெஃப்ட்(ஏ2,10))+டைம்வேல்யூ(மிட்(ஏ2,12,8))+5.5/24

நள்ளிரவைத் தாண்டினா திகதியும் தானா மாறும். 18:30 யூடிசிக்கு மேல உள்ளதெல்லாம் நமக்கு அடுத்த நாள். நேரத்தை வெட்டிட்டுத் திகதியை மட்டும் எடுத்தீங்களெண்டா நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையில விழுந்த மழை எல்லாம் முதல் நாளுக்குப் போயிடும்.

பெரிய இலக்கமா வந்தா, உதாரணமா 1733281200 மாதிரி 10 இலக்கம், அது 1970இல இருந்து எண்ணின செக்கன். =ஏ2/86400+25569+5.5/24. 13 இலக்கம் எண்டா மில்லிசெக்கன், 86400000ஆல வகுங்க.

#12 பாடுமீன்

> +5.5/24

புதிய தரவுக்கு சரி. பழைய தரவுக்கு அல்ல. இலங்கை மணிக்கூடு 1996 மே 25இல் யூடிசி +6.30க்கு மாறியது, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் 6.00 ஆனது, 2006 ஏப்ரல் 15இல்தான் 5.30க்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தின் யூடிசி தரவுக்கு 5.5 கூட்டினால் அரை மணி பிழைக்கும், 1996 மே முதல் ஒக்டோபர் வரை ஒரு மணி.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 நில நடுக்கம் 00:58:53 யூடிசி. இன்றைய கணக்கில் கூட்டினால் காலை 6:28. அன்றைக்கு மட்டக்களப்பில் சுவரில் தொங்கிய மணிக்கூடு 6:58. கையால் எழுதிய அன்றைய குறிப்புகளுடன் இயந்திரப் பதிவை ஒப்பிடும்போது இந்த அரை மணிதான் குழப்பும்.

புரோகிராமில் மாற்றுவதென்றால் +5:30 என்று நிலையாக எழுதாமல் ஏசியா/கொலம்போ வலயத்தைப் போடுங்கள், அந்த வரலாறு அதற்குள் இருக்கிறது. விண்டோஸிலும் வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர என்பதாகவே இருக்கட்டும். சென்னை, கொல்கத்தா வலயத்தில் இன்றைக்கு நேரம் ஒன்றுதான், பழைய திகதிகளுக்கு அது வேறு.

#13 எழுவான்கரை

கைரேகை மெஷின் ரிப்போர்ட்டுக்கும் இதே இழையில கேக்கலாமா? ஓவர்டைம் மொத்தம் பிழைக்குது. இரவு 7 மணியில இருந்து காலை 7 வரை அஞ்சு இரவு, மொத்தம் 12:00 எண்டு காட்டுது. சில வரியில ######.

#14 அக்கரைப்பற்று_காக்கா

###### வந்தா முதலில கொலத்தை அகலமாக்கிப் பாருங்க. அப்படியும் நிண்டா அது மைனஸ் நேரம். 7:00இல இருந்து 19:00ஐக் கழிச்சா மைனஸ், எக்செல் 1900 முறையில மைனஸ் நேரத்தைக் காட்டாது. =மொட்(சி2-பி2,1) போடுங்க, நள்ளிரவைத் தாண்டினாலும் 12 மணி வரும்.

12:00 எண்டு காட்டுறது 60 மணிதான். சாதாரண நேர ஃபோர்மட் 24ஐத் தாண்டினா நாளை விழுங்கிட்டு மிச்சத்தைக் காட்டும். ஃபோர்மட் செல்ஸ் → கஸ்டம், மணி எழுத்தைச் சதுர அடைப்புக்குள்ள வைங்க: [ஹெச்]:எம்எம். 60:00 வரும். காசு கணக்குக்கு மொத்தத்தை 24ஆல பெருக்கி, பிறகு மணிக்கூலியால பெருக்கணும். 24ஆல பெருக்காம விட்டா 60 மணிக்கு ரெண்டரை மணிக் காசுதான் விழும். ஆள் சண்டைக்கு வருவார், நியாயமாத்தான்.

#15 ஒலுவில்_கரை

சிஸ்டம் எழுதுற ஆக்கள் இந்த இழையைப் பார்ப்பீங்களெண்டா உங்களுக்கும் கொஞ்சம்.

எஸ்கியூஎல் சேர்வரில கொன்வேர்ட் பாணி 103 போட்டுத் திகதியை நாள்/மாதம்/ஆண்டு எழுத்தாக்கி அனுப்பாதீங்க. சிஎஸ்விக்கு 120 போடுங்க, ஆண்டு முன்னுக்கு, செக்கனோட வரும். மில்லிசெக்கன் வேணாம். 08:30:00.000 எண்டு போனா எக்செல் அந்த செல்லை 30:00.0 எண்டு காட்டும், திறக்கிறவங்க தரவு கெட்டுப்போச்சு எண்டு பதறுவாங்க. உள்ளுக்கு மதிப்பு சரியாத்தான் இருக்கும்.

ஃபில்டர் கேள்வியில பழைய டேட்டைம் வகைக் கொலத்துக்கு '2024-12-04' எண்டு எழுதினாலும் ஆபத்து. லொகினுட மொழி பிரிட்டிஷ் எண்டா அதை ஏப்ரல் 12 எண்டு எடுக்கும். கோடில்லாம '20241204' எண்டு எழுதினா எந்த மொழியிலயும் ஒண்டுதான். முடிவுத் திகதியும் அப்படி: ‘31 டிசம்பர் வரை’ எண்டு எழுதினா 31 நள்ளிரவு 00:00ஓட வெட்டும், கடைசி நாள் மழை முழுக்க விடுபடும். ஜனவரி 1ஐ விடச் சின்னது எண்டு எழுதுங்க.

டொட்நெட், ஜாவாவில பெரிய எம்எம் மாதம், சின்ன எம்எம் நிமிசம். மாறிப்போட்டா 2024-30-04 மாதிரி மாத இடத்தில நிமிசம் நிக்கும். ஜாவாவில ஆண்டுக்குப் பெரிய வை நாலு போட்டா அது கிழமைக் கணக்கு ஆண்டு. பதினொரு மாசம் ஒரு பிரச்சினையும் தெரியாது, 2024 டிசம்பர் கடைசி ரெண்டு மூண்டு நாள் மட்டும் 2025 எண்டு வரும். சின்ன வைதான் சரி.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் நேரடியா எழுதுறதெண்டா இந்தப் புரள்வே இல்ல, திகதி எண்ணாகவே போகும். அப்பாச்சி பிஓஐயில செல்லுக்கு டேட் ஃபோர்மட் ஸ்டைலும் குடுக்கணும், இல்லாட்டி 45630.354 எண்டு வெறும் இலக்கம் நிக்கும். பாண்டாஸில வலயம் ஒட்டின திகதியை எக்செலுக்கு எழுத விடாது, எரர் தரும். முதலில ஏசியா/கொலம்போவுக்கு மாத்தி, பிறகு வலயத்தைக் கழட்டிட்டு எழுதணும். மாத்தாமக் கழட்டினா யூடிசியே போய் உட்காரும். எஸ்எஸ்ஆர்எஸ் ரிப்போர்ட்டில திகதியை ஃபோர்மட் ஃபங்ஷனால சுத்தாதீங்க, அது எழுத்தாகிடும். டெக்ஸ்ட்பொக்ஸுட ஃபோர்மட் புரொப்பட்டியில வடிவத்தைக் குடுத்தா எக்செலிலயும் திகதியாவே இறங்கும்.

#16 வாவிக்கரை

யூடிசி சரி வந்துவிட்டது. இன்னொரு ரிப்போர்ட்டில் நேரம் ‘2:35 பிஎம்’ வடிவில் வருகிறது. பார்க்கச் சரியாக இருக்கு, ஐஎஸ்நம்பர் ஃபோல்ஸ். ட்ரிம் போட்டும் மாறவில்லை. நானே அழித்து அதையே அடித்தால் எண்ணாகுது!

#17 பாடுமீன்

35க்கும் பிஎம்முக்கும் நடுவில் இருப்பது சாதாரண ஸ்பேஸ் அல்ல. =யூனிகோட்(மிட்(ஏ2,5,1)) போட்டுப் பாருங்கள். 32 என்றால் சாதாரண ஸ்பேஸ். 160 என்றால் வெப் பக்கத்தில் இருந்து வந்த உடையாத ஸ்பேஸ். 8239 என்றால் அதன் ஒடுங்கிய வகை. ஜாவா 20 முதல் ஆங்கில நேர வடிவத்தில் இந்த 8239 தானாகவே வருகிறது, மொழிவாரியான திகதி, நேர வடிவங்களைத் தரும் சிஎல்டிஆர் தொகுப்பின் 42ஆம் பதிப்பில் செய்த மாற்றம் அது. சேர்வரைப் புதுப்பித்த நாளில் இருந்து கெட்டது என்றால் பெரும்பாலும் இதுதான்.

ட்ரிம்முக்கு 32 மட்டும்தான் தெரியும். =டைம்வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(ஏ2,யூனிகேர்(8239)," ")) என்று மாற்றுங்கள்.

லிப்ரே ஒஃபிஸ் வைத்திருப்பவர்கள் கொன்ட்ரோல் எஃப்8 அமத்துங்கள், எண் நீலம், எழுத்து கறுப்பு, சூத்திரம் பச்சை என்று ஷீட் முழுவதும் நிறம் பிரிந்து தெரியும். சிஎஸ்வி திறக்கும்போது வரும் ஜன்னலில் கீழே திகதிக் கொலத்தைத் தொட்டு டேட் (டிஎம்வை) தெரிந்தால் புரள்வும் இல்லை. இந்த ஒரு விசயத்தில் எக்செலை விட அது நேர்மையானது, கேட்காமல் முடிவெடுக்காது.

#18 நாவற்குடா_பதிவு

முதியோர் பட்டியலில் பிறந்த திகதி 14/08/28 என்று இருக்கு. எக்செல் 2028 என்று எடுக்குது, வயது மைனஸில் வருது.

#19 அக்கரைப்பற்று_காக்கா

ரெண்டு இலக்க ஆண்டில 00–29 எண்டா 2000களும், 30–99 எண்டா 1900களும். எக்செலுட வழமை அதுதான். திருத்த: =இஃப்(ஏ2>டுடே(),ஈடேட்(ஏ2,-1200),ஏ2). 1200 மாதம் எண்டா நூறு வருசம்.

அடையாள அட்டை இலக்கத்தில இருந்தும் சரிபார்க்கலாம் தங்கச்சி. பழைய 9 இலக்கத்தில முதல் ரெண்டு ஆண்டு, அடுத்த மூண்டு நாள் எண், பெண்ணெண்டா அதோட 500 கூட்டியிருக்கும். கவனம், அந்த நாள் எண் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியில 29 நாள் எண்டு வச்சு எண்ணினது. 1985இல 061 எண்டா மார்ச் 1. டேட்(1985,1,61) போட்டா மார்ச் 2 எண்டு ஒரு நாள் கூடிக் காட்டும். டேட்(2000,1,61) எண்டு லீப் ஆண்டில வச்சு நாளையும் மாதத்தையும் எடுத்து, பிறகு உண்மையான ஆண்டைப் போடுங்க.

12 இலக்கப் புது அட்டைக் கொலத்தை இறக்குமுதலே டெக்ஸ்ட் எண்டு குடுங்க. இல்லாட்டி 1.98E+11 மாதிரி சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியாச் சேவ் பண்ணினா கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். ஆரும் உண்மையான இலக்கத்தை உதாரணத்துக்கு இங்க போட்டிடாதீங்க.

#20 படுவான்கரை

மூண்டு மாதமும் திருத்தியாச்சு. டி கொலத்தில நாலு இடம் பாய்ஞ்சது, நாலும் கையால அடிச்ச வரி. சிறுபோகம் சொன்ன 511உம் போட்டாச்சு, கை மானியோட ஒத்துப்போகுது.

கடைசியா ஒண்டு. திருத்தினதை மேலிடத்துக்குச் சிஎஸ்வியாவே குடுக்கணும். சேவ் பண்ணி நோட்பேடில பாத்தா செக்கன் காணாமப் போகுது, 12/4/2024 8:30 எண்டு திரும்ப அமெரிக்க முறைக்கும் போயிருக்கு.

#21 பாடுமீன்

சிஎஸ்வியில் சேவ் ஆவது செல்லின் மதிப்பு அல்ல, கண்ணுக்குத் தெரியும் வடிவம். சேவ் பண்ண முன் கொலத்தைத் தெரிந்து, கஸ்டத்தில் வைவைவைவை-எம்எம்-டிடி ஹெச்ஹெச்:எம்எம்:எஸ்எஸ் என்று கொடுங்கள். ஹெச்சுக்குப் பின்னால் வரும் எம்எம்மை எக்செல் நிமிடமாக எடுக்கும், மற்றதை மாதமாக. பிறகு சேவ் ஆஸ் → சிஎஸ்வி யூடிஎஃப்-8, நிலையப் பெயர் தமிழில் இருந்தால் இந்த வகைதான் வேண்டும். மூடிய பிறகு நோட்பேடில் மட்டும் திறந்து பாருங்கள். எக்செலில் திறந்து பார்த்து ‘ஓம், சரி’ என்று மறுபடி சேவ் அமத்தினால் செக்கன் திரும்பவும் போய்விடும். உங்கள் வேலைப் பிரதியை எக்ஸ்எல்எஸ்எக்ஸாக வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

#22 படுவான்கரை

2024-12-04 08:30:00 எண்டு நோட்பேடில நிக்குது. அனுப்பியாச்சு.